வெள்ளச்சி கடலைப் பார்த்த வாரம்

அன்று யாரும் வாசிக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம். ஐந்தருவியிலிருந்து பஸ் ஏறித் தென்காசியில் இறங்கி, நனைந்த சேலையோடு சீனி மைனி வீட்டுப் பின்பக்கத்துச் சாய்ப்புக்குள் நுழைந்தேன். வழக்கமாகச் சந்து முனையிலேயே கனியக்காவின் குரல் கேட்கும். அன்று கத்தரிச் சத்தம்தான் கேட்டது. பீடி இலை வெட்டுகிற சத்தம். ஆளுக்கொரு சொளகை, உங்கள் ஊரில் முறம் என்பார்களே அதை, மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் குனிந்திருந்தார்கள். வெளியே சாரல். உள்ளே ஈரம் ஏறிய புகையிலைத் தூளின் நெடி.

கனியக்கா அவள் இடத்தில்தான் இருந்தாள். சுவரோரம், வெளிச்சம் விழும் இடம். வாசிக்கிறவளுக்கென்று நாங்கள் விட்டு வைத்த இடம். ஆனால் கையில் புத்தகம் இல்லை. அவளும் எங்களைப்போல் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"புஸ்தகம் வரலையா?" என்று கேட்டேன்.

யாரும் நிமிரவில்லை. சீனி மைனிதான் பதில் சொன்னாள். "ரயில்ல கட்டு வரலையாம். நீ உக்காரு முப்பிடாதி."

பொய். அந்த வாரப் புத்தகத்தை அன்று காலையில்தான் ஐந்தருவியில் என் கண்ணால் பார்த்திருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். பக்கத்திலிருந்த எஸ்தர் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

கழுதைக் கதை

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "பீடி சுற்றுகிற பெண்கள் கதை கேட்டார்கள் என்கிறீர்களே, நம்பும்படி இல்லையே" என்று எழுதியிருக்கிறார். அவர் நம்ப வேண்டாம். நம்பி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நாங்கள் கேட்டது பெரிய கதை எதுவும் இல்லை. வியாழக்கிழமைதோறும் வருகிற ஒரு வாரப் பத்திரிகையில் குழந்தைகளுக்கென்று கடைசியில் இரண்டு பக்கம் வரும். அதில் ஒரு படக்கதை. வெள்ளச்சி என்று ஒரு கழுதை. சோமு என்று ஒரு காகம். வெள்ளச்சி ஒரு உப்பு வியாபாரியின் கழுதை. ஆயுசு முழுக்க உப்பு மூட்டை சுமந்தவள். வியாபாரி செத்துப்போன பிறகு அவளை யாரும் கட்டி வைக்கவில்லை, தீனி போடவும் இல்லை. அப்போது அவள் முதுகில் வந்து உட்கார்ந்த காகம் கேட்கும்: "இவ்வளவு உப்பு சுமந்தாயே, உப்பு எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்திருக்கிறாயா?" அவள் பார்த்ததில்லை. அவ்வளவுதான் கதை. இரண்டு பேரும் கடலைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

வாராவாரம் ஒரு ஊர், ஒரு வம்பு. சாயங்காலமானால் சோமு முன்னால் பறந்துபோய் மறுநாள் போக வேண்டிய வழியைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடும். "வழி இருக்கிறது வெள்ளச்சி" என்று சொல்லும். ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் அந்த வரிதான். கனியக்கா அதை வாசிக்கும்போது நாங்களும் சேர்ந்து சொல்லுவோம். கல்யாணமாகி நாலு பிள்ளை பெற்றவர்களும் சொல்லுவார்கள். சீனி மைனிதான் எங்களில் மூத்தவள். அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்லுவாள்.

இலை கொடுக்கிற கடைக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, கழுதை எந்த ஊர்ல மேயுது?" என்று கேட்டார்.

"உங்க கடைப்பக்கம்தான் வந்துச்சாம் அண்ணாச்சி. சொந்தக்காரங்க யாராச்சும் உண்டான்னு கேட்டுச்சாம்" என்றாள் எஸ்தர்.

அவர் அதற்குப் பிறகு எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். எஸ்தர் அன்றைக்கெல்லாம் அப்படித்தான்.

வாசிப்புப் பங்கு

எங்களில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவள் கனியக்கா ஒருத்திதான். முழுப்பேர் சண்முகக்கனி. மிஷன் பள்ளியில் படித்தவள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல் போகிற இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் எழுத்து கற்றேன். கட்டிக்கொடுத்த வீட்டில் வாழாமல் நான் திரும்பி வந்திருந்த காலம் அது. அந்தக் கதையை முன்பே எழுதியாயிற்று.

வாசிக்கிறவள் பீடி சுற்ற முடியாது. அவள் சொளகு காலியாகக் கிடக்கும். அதனால் வாசிப்பு நடக்கும்போது ஆளுக்கு ஒரு கட்டு பீடி கட்டி அவள் சொளகில் போட்டுவிடுவோம். வாசிப்புப் பங்கு என்று பேர். யாரும் உத்தரவு போட்டதில்லை. சீனி மைனியின் அம்மா காலத்திலிருந்தே அந்தச் சாய்ப்பில் உண்டு.

வாசிக்காத ஒருத்தியின் சொளகில் பீடி விழுகிற சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. அது சாவு. எஸ்தரின் அப்பா இறந்து, அடக்கம் முடிந்து அவள் வேலைக்கு வந்த அன்று நாங்கள் எதுவும் பேசவில்லை. துக்கத்தில் இருப்பவளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொருத்தியாக ஒரு கட்டு கட்டி அவள் சொளகில் போட்டோம். அவள் கை சும்மா இருந்தது. சாயங்காலம் சொளகு நிறைந்திருந்தது. அப்போதுதான் அவள் அழுதாள்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதில்தான் எல்லாம் வந்தது.

காணவில்லை

கனியக்காவின் வீட்டுக்காரர் சுடலைமுத்து பட்டாளத்தில் இருந்தார். வடக்கே எல்லையில் சண்டை நடந்த வருஷம் அவரையும் அங்கே அனுப்பினார்கள். சண்டை முடிந்தது. அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. பிறகு பட்டாளத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஆளைக் காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று. வீட்டு ஆட்களுக்கு அதை வாசித்துச் சொன்னவளும் கனியக்காதான். வேறு யாருக்கு வாசிக்கத் தெரியும்?

பிடிபட்டவர்களை விடுகிறார்கள் என்று காப்பிக் கடை ரேடியோவில் சொன்னபோது தெருவே அங்கே போய் நின்றது. வடக்கேயிருந்து வரும் ரயிலுக்கெல்லாம் ஆள் போனது. அவர் வரவில்லை.

காணாமல் போன ஆள் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று அனுபவித்தால்தான் தெரியும். அந்த வீட்டில் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. சுடலைமுத்துவின் அண்ணனுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். கீழப்பாவூரில் மாப்பிள்ளை பார்த்துப் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒரே கேள்வி. "உங்க வீட்டுல துட்டி உண்டா இல்லையா?" துட்டி என்றால் சாவு. இவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. தம்பிக்குக் காரியம் பண்ணிவிட்டால் ஒரு வருஷத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம். காரியம் பண்ண வேண்டுமென்றால் கனியக்காவின் தாலியைக் கழற்ற வேண்டும். அண்ணன்காரர் கெட்டவரில்லை. ஆனால் அவர் கனியக்காவின் முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்தே பேச ஆரம்பித்திருந்தார்.

சோமு போன சாயங்காலம்

யாரும் வாசிக்காத அந்த வியாழக்கிழமைக்கு முந்தைய வாரம் நானும் சாய்ப்பில் இருந்தேன்.

அந்த வாரக் கதையில் மழை. வெள்ளச்சியும் சோமுவும் ஒரு மலையடிவாரத்துக்கு வந்திருந்தார்கள். மலையைத் தாண்டினால் கடல். வழக்கம்போலச் சோமு முன்னால் பறந்தது. அடுத்த கட்டத்தில் சாயங்காலம். அடுத்ததில் இருட்டு. கடைசிக் கட்டத்தில் வெள்ளச்சி தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கீழே எழுதியிருந்ததைக் கனியக்கா வாசித்தாள்: "அன்று சோமு திரும்பி வரவில்லை."

நாங்கள் சேர்ந்து சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தோம். சொல்ல வரி இல்லை.

கனியக்கா செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். பிறகு, "அடுத்த வாரம் முடியுதுன்னு போட்டிருக்கு" என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். பொழுது சாயும்வரை அதே பேச்சு.

"மழைல எங்கனயாவது ஒதுங்கியிருக்கும்" என்றாள் ஒருத்தி.

"ஒதுங்குனா விடிஞ்சதும் வரணும்லா."

"கழுகு அடிச்சிருக்கும். மலைல கழுகு உண்டு."

"வரும்னு இருந்தா அந்தக் கழுதைக்கு என்ன கெதி? அங்கனயே நின்னு சாவும். போயிட்டுன்னு மனசத் தேத்திக்கிட்டு நடந்தாத்தான் கடலப் பாக்கலாம்" என்றாள் சீனி மைனி. சொல்லிவிட்டுக் கனியக்காவை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

காகத்தைப் பற்றியா பேசினார்கள்? எல்லோருக்கும் தெரியும், எதைப் பற்றிப் பேசினார்கள் என்று. நேரே சொல்லத் துணிவில்லாததைக் கழுதையின் தலையில் ஏற்றிச் சொன்னார்கள். கனியக்கா இலையை வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருதடவை மட்டும், "அடுத்த வாரம் வரட்டும். என்ன எழுதியிருக்கோ அதப் பாப்போம்" என்றாள்.

மறுநாள் நான் ஐந்தருவிக்குப் போய்விட்டேன். சீசனுக்கு என் அண்ணன் அங்கே பழக்கடை போடுவான். மங்குஸ்தான் விற்க ஆள் வேண்டும்.

குடைக்காரி

அந்த வியாழக்கிழமை காலையில் கடைக்கு முன்னால் ஒரு அம்மாள் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். சீசனுக்கு வந்த பட்டணத்துக்காரி. கையில் அந்த வாரப் பத்திரிகை.

"அம்மா, கடைசிப் பக்கத்துல அந்தக் காக்கா வந்துட்டான்னு பாத்துச் சொல்லுதியளா?" என்று கேட்டேன்.

"எந்தக் காக்கா?"

"கழுதைகூட வருமே, அது."

அவள் சிரித்தாள். "அது குழந்தைங்க பக்கமாச்சே" என்றாள். பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். என்னிடம் காட்டுவாள் என்று நினைத்தேன். அப்படியே கிழித்து, அருவியில் நனைந்த கைத்துண்டை அதில் சுற்றிக் கூடைக்குள் வைத்தாள்.

அந்த அம்மாளுக்கு இப்போது வயதாகியிருக்கும், இருந்தால். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணனிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். முடிவைக் கனியக்கா வாயால் கேட்க வேண்டும். அதற்காகத்தான் ஓடி வந்தேன். வந்தால் சாய்ப்பில் கத்தரிச் சத்தம்.

சொளகில் விழுந்தது

எஸ்தர் கிள்ளியது எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை. சரி, பிறகு கேட்போம் என்று ஒரு சொளகை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போதுதான் சீனி மைனி ஒரு கட்டு பீடியைக் கட்டினாள். கையை நீட்டிக் கனியக்காவின் சொளகில் போட்டாள். எதுவும் சொல்லவில்லை. அடுத்து எஸ்தர் ஒரு கட்டு போட்டாள். அதற்கடுத்தவள் ஒரு கட்டு.

அன்பினால்தான் செய்தார்கள். வியாழக்கிழமை, வாசிப்பு இல்லாமல் போயிற்று, அதற்காக அவளுக்கு வரவேண்டியது குறையக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். நினைத்தவர்களுக்குக் கொஞ்சமாவது மூளை வேண்டாமா?

கனியக்கா சொளகைப் பார்த்தாள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்தாள். சொளகை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். எழுந்து சாரலில் நடந்து போய்விட்டாள். என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவுச் சேதியைக் கேட்டு வாங்கமாட்டார்கள் எங்கள் பக்கத்தில். வீட்டு ஆள் வந்து சொல்ல வேண்டும்.

"எங்க போறா?" என்றாள் எஸ்தர்.

"எளவு, என்னட்டி நடக்கு இங்கன?" என்று கத்தினேன்.

அப்போதுதான் சொன்னார்கள். அந்த வாரம் ரயிலடியில் புத்தகம் வாங்குவது சீனி மைனியின் முறை. வழியிலேயே பிரித்துப் படத்தைப் பார்த்திருக்கிறாள். வாசிக்கத் தெரியாது, படம் தெரியும். கழுதை மட்டும் தனியாக நடக்கிறது. கீழே ஒரு இறகு கிடக்கிறது. காகத்தைக் காணோம். செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். இதை எப்படிக் கனி வாயால் வாசிக்க வைப்பது என்று எல்லோரும் கூடிப் பேசிப் புத்தகத்தைப் புகையிலைச் சாக்குக்குள் ஒளித்துவிட்டார்கள்.

"கூறுகெட்டவளுவளா. ஒளிச்சு வச்சியள், சரி. வாசிக்காதவ சொளகுல பீடி போட்டா என்ன அர்த்தம்? எஸ்தரு, உங்கப்பா செத்தன்னைக்கு ஒன் சொளகுல என்ன விழுந்துச்சு?"

எஸ்தரின் கை அப்படியே நின்றது. சீனி மைனி வாயில் கையை வைத்தாள்.

அடுத்த தெருவிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

அழுத வீடு

வீட்டில் நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். வேலை நேரத்தில் மருமகள் நனைந்துபோய்க் கையில் ஒன்றுமில்லாமல் வாசலில் வந்து நின்றதைப் பார்த்து மாமியார் கேட்டிருக்கிறாள்: "தந்தி வந்துட்டாட்டி?"

கனியக்கா, "ஒங்களுக்குத் தெரியாதா அத்தை?" என்று கேட்டிருக்கிறாள்.

அவ்வளவுதான் பேச்சு. அவளுக்குத் தெரியும் என்று இவளும், இவளுக்குத் தெரியும் என்று அவளும் நினைத்துக்கொண்டார்கள். மாமியார் கொண்டையை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருப் பெண்களெல்லாம் வட்டமாக உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். எத்தனை மாதமாக அடக்கி வைத்த அழுகை. ஒருவரையும் குறை சொல்ல முடியாது. கனியக்கா மட்டும் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

அண்ணன்காரர் தபாலாபீசுக்குச் சைக்கிளில் போயிருந்தார். கீழப்பாவூருக்கும் ஆள் போய்விட்டது. சிறிது நேரத்தில் அவர் திரும்பி வந்து வாசலில் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தந்தி ஒண்ணும் வரலை. காயிதமும் வரலை."

அழுகை கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் சொன்னது, யார் சொன்னது என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை.

அண்ணன்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"வரலை. சரி. ஆனா அழுதாச்சு. அழுத வீட்டுல அழலைன்னு சொல்ல முடியுமா? அவன் ஆத்மாதான் நம்மள அழ வச்சிருக்கு. இத அப்படியே வச்சுக்கிடுவோம். பதினாறாம் நாள் காரியத்தப் பண்ணிருவோம்."

வந்திருந்த பெரியவர்கள் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர், "இதுவும் ஒரு சேதிதான்" என்றார். எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. முடியாத ஒன்று தானாக முடிந்ததுபோல. ஒரு கிழவி எழுந்து கனியக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். வளையலைத் தொட்டுப் பார்த்தாள்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"ஒரு சேதியும் இல்ல" என்று கத்தினேன். "கழுதைக் கதைப் புஸ்தகத்த இந்தச் சவங்க ஒளிச்சு வச்சாளுவ. வாசிக்காதவ சொளகுல பீடியப் போட்டாளுவ. அதப் பாத்துட்டு அக்கா எந்திரிச்சு வந்தா. இதுதான் சேதி. ஆத்மாவாம்."

ஆண்களுக்கு நான் சொன்னது புரியவில்லை. பெண்களுக்குப் புரிந்துவிட்டது. கனியக்கா தலையைத் தூக்கினாள்.

"புஸ்தகம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

சீனி மைனி மாராப்புக்குள்ளிருந்து அதை எடுத்தாள். ஓடி வரும்போது சாக்கிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. கனியக்கா கிழவியின் கையை விலக்கிவிட்டு அதை வாங்கினாள். முந்தானையால் துடைத்தாள். கடைசிப் பக்கத்தை விரித்தாள். வாசித்தாள்.

அவிழ்ந்த தலைகளோடு ஒரு வீடு நிறையப் பெண்கள். நடுவில் அவள் குரல். சாய்ப்பில் எப்படி வாசிப்பாளோ அப்படியே, கூட்டாமல் குறைக்காமல்.

"வெள்ளச்சி மூன்று நாள் நின்றாள். சோமு வரவில்லை. நான்காம் நாள் அவள் மலை மேல் நடந்தாள். வழியில் ஒரு இறகு கிடந்தது. அதை முகர்ந்து பார்த்தாள். அது சோமுவின் இறகா என்று அவளுக்குத் தெரியவில்லை. வழி இருக்கிறதா என்று சொல்ல யாருமில்லை. அவள் நடந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது. வெள்ளச்சி கடலைப் பார்த்தாள்."

நிறுத்தினாள். "அவ்வளவுதான் எழுதியிருக்கு" என்றாள்.

"காக்கா செத்துட்டா இல்லியா?" என்றாள் சீனி மைனி. அழுதுகொண்டேதான் கேட்டாள்.

"எழுதலை மைனி."

வாசித்து முடித்ததும் படத்தைச் சுற்றுக்கு விடுவது எங்கள் வழக்கம். அவள் கொடுத்தாள். துட்டி வீட்டில் அது கைக்குக் கை போனது. கடைசிப் படத்தில் கழுதை முதுகைக் காட்டிக்கொண்டு கடல் ஓரத்தில் நிற்கிறது. பெரிய வானம். வானத்தில் ஓரமாக ஒரு கறுப்புப் புள்ளி.

மாமியார்தான் முதலில் கண்டுபிடித்தாள். "இது என்னதுட்டி மேல?"

"காக்காதான். தூரத்துல வருது" என்றாள் சீனி மைனி.

"மை பட்டிருக்கும். இந்தப் புஸ்தகத்துல எப்பமும் மை ஒழுகும்" என்றாள் எஸ்தர்.

"மை இப்படியா உருண்டையா இருக்கும்? எங்கண்ணு என்ன பொட்டையா?"

"காக்கான்னா றெக்கை வேண்டாமா மைனி?"

"தூரத்துல றெக்கை தெரியுமாட்டி, மூதி?"

அழ வந்தவர்கள் எல்லோரும் ஒரு புள்ளியைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ லாந்தரைக்கூடக் கொண்டுவந்தார்கள். கீழப்பாவூரிலிருந்து வந்து இறங்கியவர்கள் வாசலில் நின்று, பிணமும் இல்லை, ஒப்பாரியும் இல்லை, என்ன நடக்கிறது என்று விழித்தார்கள்.

அண்ணன்காரர், "நிறுத்துங்க. கழுதைப் படமா இப்ப முக்கியம்?" என்றார்.

அப்போதுதான் கனியக்கா அவரைப் பார்த்துப் பேசினாள். அவர் முன்னால் அவள் அவ்வளவு பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"பெரியத்தான், பட்டாளத்துக் காயிதத்த ஒங்களுக்கு வாசிச்சவ நான். காணலைன்னு எழுதியிருந்துச்சு. செத்துட்டாருன்னு எழுதலை. அப்படி எழுதி ஒரு காயிதம் வந்தா அதையும் நாந்தான் வாசிப்பேன். நானே வாசிச்சு நானே கழட்டித் தாரேன். எழுதாதத என்ன வாசிக்கச் சொல்லாதிய."

அவர் வாசலில் நின்ற கீழப்பாவூர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"மகளுக்குக் கல்யாணத்த வைங்க. நான் நடுவீட்டுக்கு வரலை. பின்கட்டுல நின்னு எல வெட்டிக் குடுக்கேன். துட்டி உண்டான்னு கேட்டா இல்லைன்னு சொல்லுங்க. அதான் உண்மை."

ஒரு பெரியவர், "ஒப்பாரி வச்ச வீடும்மா. அதத் திரும்ப எடுக்க முடியாது" என்றார்.

மாமியார் படத்தைக் கீழே வைத்தாள். அவள் மருமகளுக்கு ஒருநாளும் பரிந்து பேசியவள் இல்லை. இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் அவிழ்ந்த முடியை அள்ளி முறுக்கிக் கொண்டை போட்டாள்.

"வச்சவ நான். எம்மவனுக்கு நான் வச்சேன். நானே எடுத்துட்டேன்" என்றாள். பிறகு கனியக்காவைப் பார்த்து, "உலை வைட்டி. வந்தவங்க பசியா நிக்காங்க" என்றாள்.

ஒவ்வொருத்தியாகக் கொண்டையை முடிந்துகொண்டார்கள். அண்ணன்காரர் வெளியே போய்ச் சைக்கிளுக்குப் பக்கத்தில் சாரலில் நின்றார்.

கேட்காதீர்கள்

அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. கீழப்பாவூர்க்காரர்கள் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்கள். கனியக்கா சொன்னபடி பின்கட்டில் நின்று வாழை இலை நறுக்கிக் கொடுத்தாள். அது அவளுக்கு நடந்த அநியாயம்தான். அவளே ஒத்துக்கொண்டதால் அநியாயம் இல்லையென்று ஆகிவிடாது.

புள்ளிச் சண்டை ஓயவில்லை. எஸ்தர் சலூன் கடையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதில் புள்ளி இல்லை, நம் புத்தகத்தில் இருந்தது வெறும் மைதான் என்றாள். சீனி மைனி டாக்டர் வீட்டில் வேலை செய்கிறவளை விட்டுப் பார்க்கச் சொல்லி, அங்கே புள்ளி இருக்கிறது என்றாள். இரண்டு பேரும் பல வருஷம் இதற்காகப் பேசாமல்கூட இருந்திருக்கிறார்கள். கனியக்காவிடம் கேட்டால், "நான் எழுத்தத்தான் வாசிச்சேன்" என்பாள்.

சுடலைமுத்து வந்தாரா என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். வரவில்லை. செத்தார் என்ற காகிதமும் வரவில்லை.

அந்த அழுகைக்கு அடுத்த வியாழக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். கனியக்கா வேலைக்கு வருவாளா என்று எங்களுக்குத் தெரியாது. சீனி மைனி காலையிலிருந்து யாரையும் அந்தச் சுவரோர இடத்தில் உட்கார விடவில்லை. மத்தியானம் அவள் வந்தாள். உட்கார்ந்தாள். சொளகை மடியில் வைத்தாள்.

புதுப் புத்தகத்தில் இரண்டு முயல்களை வைத்து ஒரு கதை தொடங்கியிருந்தது. எஸ்தர் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சிகள யாரு பாக்கது" என்று தூக்கிப் போட்டாள்.

"என்னத்த வாசிக்க, அப்ப?" என்றாள் கனியக்கா.

சீனி மைனி எழுந்துபோய் இலைச் சாக்குகளுக்கு அடியிலிருந்து பழைய புத்தகக் கட்டு ஒன்றை இழுத்து வந்தாள். எல்லா வாரமும் இருந்தது. ஒன்றையும் எடைக்குப் போட விடாமல் சேர்த்து வைத்திருக்கிறாள். அடியில் கிடந்ததை உருவிக் கொடுத்தாள். முதல் வாரம். கழுதை முதுகில் காகம் வந்து உட்காருகிற வாரம்.

கனியக்கா அதை வாங்கி விரித்தாள். சீனி மைனி ஏற்கெனவே ஒரு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

"மைனி" என்றாள் கனியக்கா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு பக்கம் வாசிச்சு முடிக்கேன். பொறவு போடுங்க."

சீனி மைனி கட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கம் முடிந்ததும் போட்டாள்.